தூக்கக் குறையில்லா மண்டலம்

கணபதிங்கற ஊருல பட்டறை வெச்சிருக்கற அப்புசாமிக்குத் தூக்கம் வரலீங்க. தூக்கம் வராதவங்க ஊருக்குள்ள எத்தனையோ பேரு, அதுல என்னுங்க கதைன்னு கேப்பீங்க. அவருக்குத் தூக்கம் வரலீங்கறத அரசாங்கம் ஒத்துக்க மாட்டீங்குது. அதுலதான் கதை.

அப்புசாமியோடது கிரைண்டிங் பட்டறை. பம்புக் கம்பெனிக்காரங்க வார்ப்பு இரும்புல பம்பு பாடி கொண்டாந்து எறக்குவாங்க, இவரு சுத்தற கல்லுல வெச்சு அதோட பிசிறத் தேச்சுக் குடுப்பாரு. கம்பெனிக்காரங்களுக்குக் கடியாரமே கெடையாதுங்க. ஒரு வாரம் பகல்ல வேணும்பாங்க. மறுவாரம் விடியறதுக்குள்ள வேணும்பாங்க. இவரும் எந்நேரம் கேட்டாலும் தேச்சுக் குடுத்துப்போட்டு, மிச்ச நேரத்துல தூங்கிக்கலாம்னு இருந்தாரு. தூக்கமும் ஊட்டுக்கு வர்ற ஒறம்பரையாட்டத்தானுங்க. அது தேடி வாரப்பவெல்லாம் கதவச் சாத்தி வெச்சா எத்தன நாளைக்கு வாசல்லயே நிக்கும்? அது வேற ஊடு பாத்துப் போயிருச்சு.

தூக்கம் போச்சுன்னு தெரிஞ்சதும் யோசன சொல்றவங்க வந்துட்டாங்க. எதுத்த ஊட்டம்மா கசகசாவ அரச்சுப் பால்ல போடச் சொல்லுச்சு. மளிகக்கடக்காரரு ஜாதிக்காய்ன்னாரு. பெங்களூருல ஐ.டி.ல இருக்கற மக நித்யஸ்ரீ, கையில கட்டற வாச்சு ஒண்ண அனுப்பிச்சு விட்டுச்சு. அந்த வாச்சு மணி காட்டறதோட நிக்காதுங்க, மார்க்கும் போடும். விடிஞ்சு எந்திரிச்சா, நேத்தைக்கு நீ தூங்குனதுக்கு நூத்துக்கு இத்தன மார்க்குன்னு காட்டும். அப்புசாமி பள்ளிக்கூடத்துலகூட அத்தன கம்மியா வாங்குனதில்ல. கொஞ்சநஞ்சம் கண்ணசந்துட்டிருந்த மனுசன், வாச்சு என்ன மார்க்குப் போடப்போகுதோங்கற பயத்துலயே முழிச்சுக் கெடந்தாரு.

"அப்பா, டென்சன் ஆகாதீங்க. டென்சன் ஆனா ஸ்கோரு கொறஞ்சுரும்" அப்படீன்னு மக போன்ல மெரட்டுது.

அப்பறம் போன்ல மழச் சத்தம் போட்டுக்கிட்டுப் படுத்தா தூக்கம் வரும்னு அதுவே சொல்லுச்சு. போட்டாங்க. சடசடன்னு சத்தங் கேட்டதும், அப்புசாமி சம்சாரம் நாச்சியம்மா துள்ளி எந்திரிச்சு, மாடியில காயப்போட்ட மொளகாய அள்ளறதுக்கு ஓடிப்போச்சு. வானத்துல ஒரு மேகமில்ல. அன்னிக்கோட மழ நின்னுது.

இந்தத் தூக்கம் இருக்குதே, இப்ப அது ஒரு நாகரிகம் ஆகிப்போச்சுங்க. நாச்சியம்மாளோட ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தரு, காங்கேயத்துல எண்ணெய் மில்லு வெச்சிருக்கறவரு, சீமை மெத்தைன்னு ஒண்ணு வாங்கியாந்தாரு. அதோட வெலய அவரே மெதுவாத்தான் சொல்லுவாரு. படுத்தா அமுங்கிப்போகுமேன்னு பயந்துக்கிட்டு, மேல சுத்தியிருந்த பிளாஸ்டிக் கவரக்கூடப் பிரிக்கல. வர்ற ஒறம்பரைக்கெல்லாம் கூட்டிட்டுப்போயிக் காட்டுவாரு. அவரு படுக்கறது அதுக்குக் கீழ பாய விரிச்சு. அது கெடக்குது, அப்புசாமி கதைக்கு வரலாம்.

ஒரு நாளு மத்தியானம், சுத்தற கல்லுக்கு முன்னாலயே அப்புசாமி கண்ணசந்துபோட்டாரு. கல்லு அவரு சட்டைக் கையப் புடிச்சு முழங்கை வரைக்கும் கிழிச்சு எடுத்துக்கிச்சு. கைய மட்டும், போனாப் போகுதுன்னு உட்டு வெச்சுது. சோறு கொண்டாந்த நாச்சியம்மா அதப் பாத்துச்சு. கத்தல, அழுகல. சுவிச்ச அமத்துச்சு, ஷட்டர எறக்கிப் பூட்டுச்சு, சாவிய இடுப்புல சொருகிக்கிச்சு.

"அம்மணி, கம்பெனிக்காரங்க லோடு எறக்கியிருக்காங்க" அப்படீன்னாரு அப்புசாமி.

"எறக்குனா எறக்கட்டுமுங்க. நீங்க தூங்கி எந்திரிக்கறீங்கன்னு தெரிஞ்சாத்தான் சாவி."

"தூங்கறேன் அம்மணி."

"நீங்க தூங்குனீங்களான்னு அளந்து பாக்கறதுக்கு நானென்ன வாச்சுங்களா? யாராச்சும் பெரியவங்க எழுதிக் குடுக்கட்டும், அப்பறம் பாக்கலாம்."

அப்புசாமிக்குப் பட்டறையத் தவுத்து வேற சோலி தெரியாது. பட்டறை பூட்டிக் கெடந்தா கம்பெனிக்காரங்க அடுத்த தெருவுக்குப் போயிருவாங்க, ஒருக்காப் போனா திரும்ப மாட்டாங்க. எழுதிக் குடுக்கற பெரியவங்கள எங்க புடிக்கறதுன்னு அவரு திண்டாடிட்டிருந்தப்பதான், புதுசா ஒரு ஆபீசு தொறந்திருக்கறதா பக்கத்துப் பழய இரும்புக்கட முஸ்தபா பாய் சொன்னாரு.

போர்டே ரெண்டு கைய விரிச்ச நீளம் வரும். 'மண்டல நல்லுறக்க மேம்பாடு மற்றும் ஒருங்கிணைப்பு மையம்.' மாடியில இருந்துச்சு. தூக்கமில்லாம கால் தள்ளாடறவங்க ஏறி வர்றதுக்குன்னே படிய செங்குத்தா வெச்சிருந்தாங்க. உள்ள மண்டல உறக்க அலுவலரு மாசாணம் சாரு. அவருக்குப் பக்கத்துல துயில் பயிற்றுநர் ஆதர்ஷ் தம்பி. அந்தத் தம்பிக்குத் தாடி, கையில பெரிய தண்ணி பாட்டலு, வெரல்ல தூக்கத்த அளக்கற மோதரம்.

மாசாணம் சாரு எந்திரிச்சு நின்னு கும்புட்டாரு. நாற்காலியக் காட்டி உக்கார வெச்சாரு. கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு, சொந்தக்காரனாட்டம் கேட்டாரு.

"அய்யா, ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?"

அப்புசாமி வாயிலிருந்து அதுபாட்டுக்கு வந்துருச்சு. "ஆச்சுங்க சார். நல்லாத் தூங்குனனுங்க. நீங்க தூங்குனீங்களா?"

இதுக்கு அவரக் குத்தஞ் சொல்லப்படாதுங்க. ஒரு பெரிய மனுசன் எந்திரிச்சு நின்னு, அக்கறையாக் கேக்கறப்ப, 'இல்ல, தூங்கல'ன்னு மூஞ்சியில அடிச்சாப்புல சொல்றதுக்கு இந்தப் பக்கத்துல யாருக்கு நாக்கு எந்திரிக்கும்? அவிநாசியில அப்புசாமியோட பெரியப்பா ஒருத்தரு வண்டியில உழுந்து, ஆசுபத்திரியில கால மேல கட்டித் தொங்க உட்டிருந்தாங்க. பாக்க வந்தவங்க, சவுரியமுங்களான்னு கேட்டாங்க. "சவுரியந்தானுங்க, காலு மட்டும் கொஞ்சம் ஒசரத்துல இருக்குது" அப்படீன்னாரு. அந்த வம்சமுங்க இவரு.

மாசாணம் சாரு கம்ப்யூட்டருல தட்டுனாரு. 'நல்லுறக்கம். திருப்திகரம்.'

"சார், தூங்கறேன்னு ஒரு சர்ட்டிபிகேட்டு வேணுமுங்க."

"எப்பிடிங்கய்யா தர்றது? தூங்காம இருந்து, இங்க வந்து குணமாகி, தூங்குனாத்தான் சர்ட்டிபிகேட்டு. நீங்கதான் மொதல்லயே தூங்கறீங்களே. காச்சலே வராதவருக்குக் காச்சல் போயிருச்சுன்னு எழுதித் தர முடியுங்களா?"

நாயமாத்தான் பட்டுது. அப்புசாமி நன்றி சொல்லிப்போட்டு எறங்கி வந்துட்டாரு.

"அட என்ன அண்ணா நீங்க! நாளைக்கு நா வாரேன். நா சொல்றேன் பாருங்க" அப்படீன்னாரு முஸ்தபா பாய். பழய இரும்பு யாவாரத்துல பேச்சுல அவர அடிச்சுக்க ஆளில்ல. மறுநா ரெண்டு பேரும் படியேறுனாங்க.

மாசாணம் சாரு மறுபடி எந்திரிச்சு நின்னாரு, கும்புட்டாரு, உக்கார வெச்சாரு. "இவரு தூங்கறதில்லைன்னு சொல்ல வந்திருக்கீங்களா?" அப்படீன்னு பாயக் கேட்டாரு.

பாய் தொண்டையக் கனச்சாரு. அக்கம்பக்கம் பாத்தாரு. நாலு பேரு உக்காந்திருக்காங்க. நாலு பேரு முன்னால, கவருமெண்டு ஆபீசுல வெச்சு, கூட்டாளியப் பத்திக் கொறை சொல்றதா?

"சேச்சே! ரொம்ப நல்ல மனுசனுங்க சார். ஒரு கெட்ட பழக்கமில்ல. தூங்குவாருங்க, ஏன் தூங்க மாட்டாரு?"

'அண்டை அயலார் சாட்சியமும் திருப்திகரம்'னு ஏறிப்போச்சு. படியெறங்கறப்ப பாய் அப்புசாமி மூஞ்சியப் பாக்கல.

மூணாந்தடவ அப்புசாமி கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, மாசாணம் சாரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே சொல்லிப்போட்டாரு. "சார், நா தூங்கறதே இல்லீங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"அப்ப முந்தி ரெண்டுக்காச் சொன்னது?"

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க."

"மரியாதைக்குச் சொன்னாலும் பதிவு பதிவுதானுங்கய்யா. மாத்தோணும்னா, ராத்திரி நீங்க முழிச்சிருக்கறத ஒரு அரசு அலுவலர் நேர்ல பாத்துச் சான்று தரணும்."

"நீங்க வாங்க சார். நம்ம ஊட்லயே தங்கிக்கலாம்."

"நா எப்பிடிங்கய்யா வர்றது? உறக்க அலுவலரே ராத்திரி முழிச்சிருந்தா துறைக்குக் கேவலமில்லீங்களா?"

"அப்ப முழிச்சிருக்கற ஆபீசரு யாருங்க?"

"விதிப்படி யாருமில்ல."

ஆதர்ஷ் தம்பி பாட்டல்ல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு உள்ள பூந்துது. "அங்கிள், நீங்க தூக்கத்த ஒரு வேலையாப் பாக்கறீங்க. தூக்கம் ஒரு பயணம். அதுக்கு நீங்க உங்கள அனுமதிக்கணும்."

"அனுமதி யாருகிட்டத் தம்பி வாங்கோணும்?" அப்படீன்னாரு அப்புசாமி. இன்னொரு ஆபீசு இருக்குதோன்னு பயம் அவருக்கு.

இதுக்குள்ள மண்டலம் பூரா போன் போட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்துனாங்க. போன்ல ஒரு புள்ள, பேசுனா தேன் ஒழுகற கொரலு. "வணக்கமுங்க, ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?"ன்னு கேக்கும். கைக்கொழந்தயத் தோள்ல போட்டுக்கிட்டு விடியற வரைக்கும் நடந்தவங்களும், கடன்காரன நெனச்சுக் கூரையப் பாத்துக் கெடந்தவங்களும், மில்லுல ராத்திரி சிப்டு முடிச்சுட்டு வந்தவங்களும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "ஆச்சுங்க கண்ணு. நல்லாத் தூங்குனம். நீ சாப்புட்டயா?" ஒருத்தருகூட மாத்திச் சொல்லல. இந்த மாதிரி ஒரு மண்டலத்த மாசாணம் சாரோட மேலதிகாரிங்க பாத்ததே இல்ல. ஆபீசு தொறந்து ஆதர்ஷ் தம்பி தண்ணி பாட்டல் ரொப்பி வெக்கறதுக்குள்ள, வியாதியே ஒழிஞ்சுபோச்சு.

அதனால, 'தூக்கக் குறையில்லா மண்டலம்'னு அறிவிக்கறதுக்கு விழா வெச்சாங்க. விழாவுல ஒருத்தருக்கு 'முன்மாதிரி உறங்குநர்'னு விருது குடுக்கோணும். யாருக்குக் குடுக்கறது? ஆபீசுக்கு நடையா நடந்து, நல்லாத் தூங்கறேன்னு சாட்சியோட வந்து சொன்ன மனுசன் மண்டலத்துலயே ஒருத்தருதான்.

மாசாணம் சாரு பழத்தட்டோட ஊட்டுக்கே வந்துட்டாரு. அப்புசாமி வேண்டாம்னு சொல்லத்தான் எந்திரிச்சாரு. ஆனா அந்த விருதுத் தாள்ல, 'இவர் நன்கு உறங்குகிறார் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது'ன்னு அச்சடிச்சிருக்கும்னு கேட்டதும், பூட்டிக் கெடக்கற ஷட்டரு கண்ணுல வந்து நின்னுது. பழத்தட்ட வாங்கிக்கிட்டாரு.

கல்யாண மண்டபத்துல விழா. காலையில பத்து மணிக்கு. சென்னையிலிருந்து கூடுதல் இயக்குநரு ஒருத்தரு வந்திருந்தாரு. மாப்பள பொண்ணு உக்கார்ற எடத்துல வெள்ளைத் துணி விரிச்ச கட்டலு. ஆதர்ஷ் தம்பி ஏற்பாடு. 'நேரடி உறக்க விளக்கம்'னாங்க. அப்புசாமிக்குப் பொன்னாட போத்துனாங்க, போத்துன கையோட படுக்க வெச்சாங்க. ஊரே பாக்குது. வேட்டி வெலகாம இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, ஊருக்கு மரியாதையாக் கண்ண மூடுனாரு.

பேச்சு ஆரம்பிச்சுது. மொதல்ல கூடுதல் இயக்குநரு, தூக்கத்துக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பப் பத்திப் பேசிப்போட்டு உக்காந்தாரு. ஆதர்ஷ் தம்பி பயணத்தப் பத்திப் பேசிப்போட்டு உக்காந்துச்சு. கடைசியா மாசாணம் சாரு ஆண்டறிக்க படிக்க எந்திரிச்சாரு. 'மேற்படி மண்டலத்தில், மேற்படி காலத்தில், மேற்கூறிய நோக்கங்களின் அடிப்படையில்…' கொஞ்ச நேரத்துல கைதட்டலக் காணோம். அப்பறம் இருமலக் காணோம். அப்பறம் மாசாணம் சாரையும் காணோம், மைக்குல மூச்சு மட்டும் வந்துட்டிருக்குது.

அப்புசாமி ஒத்தக் கண்ண மெதுவாத் தொறந்தாரு.

மண்டபம் பூரா தூங்குதுங்க. மாசாணம் சாரு நின்னபடிக்கே மேசையில சாஞ்சு தூங்கறாரு. கூடுதல் இயக்குநருக்குத் தல தொங்கிப்போச்சு. ஆதர்ஷ் தம்பி மோதர வெரல வாயில வெச்சுக்கிட்டுத் தூங்குது. நல்லாத் தூங்குனம்னு போன்ல சொன்ன அத்தன சனமும், மாசக்கணக்கா வெச்சிருந்த பாக்கியையெல்லாம் அந்த நாற்காலியிலயே தீத்துட்டிருக்காங்க. தூக்கக் குறையில்லா மண்டலத்துல அந்நேரம் முழிச்சிருந்த ஒரே ஆளு, முன்மாதிரி உறங்குநருதான்.

முன்வரிசையில நாச்சியம்மா. முஸ்தபா பாய் சம்சாரம் ஃபர்சானா தோள்மேல சாஞ்சு, வாயப் பொளந்துக்கிட்டு, மாவு மில்லாட்டம் கொறட்ட உட்டுட்டிருக்குது. அப்புசாமி பாத்துக்கிட்டே இருந்தாரு. இந்தச் சத்தத்த ஊட்டுல கேட்டு எத்தனையோ மாசமாச்சு. ஊட்டுல அந்தம்மா மூச்சு, அளந்து உட்டாப்புல மெதுவா, சீரா வரும். நல்லாத் தூங்குதுன்னு இவரு நெனச்சிட்டிருந்தாரு.

விழா முடிஞ்சுது. அதாவது, மண்டபத்துக்காரரு வந்து கரண்ட நிறுத்துனதும் எல்லாரும் எந்திரிச்சாங்க. "அருமையான பேச்சுங்க சார்"ன்னு மாசாணம் சாருகிட்டச் சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போனாங்க.

அப்புசாமி விருதுத் தாளோட நேராப் பட்டறை முன்னால வந்து நின்னாரு. நாச்சியம்மா தாள வாங்கி, எழுத்துக்கூட்டி, முத்திரை வரைக்கும் படிச்சுச்சு. இடுப்புல கை வெச்சுது.

"மேடையில நல்லாத் தூங்குனீங்கதானுங்களே?"

ஆமாம்னு ஒரு வார்த்தை. சொன்னா சாவி. அப்புசாமி கிழிஞ்ச சட்டைக் கைய நெனச்சாரு, அந்தக் கொறட்டைய நெனச்சாரு.

"இல்ல அம்மணி. ஒரு பொட்டுத் தூங்கல. எல்லாரும் தூங்குனாங்க, நாந்தான் தூங்கல. நீ ஊட்டுல தூங்கறதில்லையா?"

நாச்சியம்மா ரோட்டப் பாத்துச்சு. "நீங்க பக்கத்துல முழிச்சுக் கெடக்கயில நா எப்பிடிங்க தூங்கறது? நா முழிச்சிருக்கறது தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்கன்னு, மூச்ச மட்டும் அப்பிடி உட்டுட்டுக் கெடந்தேன்."

"நானும் அப்பிடித்தான் உட்டுட்டுக் கெடந்தேன்."

ரெண்டு பேரும் நடுரோட்டுல நின்னு சிரிச்சுப்போட்டாங்க. அன்னிக்கு ஒரு முடிவுக்கு வந்தாங்க. கம்பெனிக்காரங்ககிட்டத் தெளிவாச் சொல்லிர்றது. பகல் வேல மட்டுந்தான் செய்வோம், ராத்திரி வேல முடியாது. அதுக்கு ஒத்துக்கிட்டா பட்டறை தொறக்கறது, இல்லீன்னா வேற பொழப்புப் பாக்கறது. அப்புசாமிக்கு 'முடியாதுங்க'ன்னு சொல்லிப் பழக்கமில்லாததால, நாச்சியம்மா முன்னால நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. மொதல்ல, 'முடியாதுன்னு நெனைக்கறனுங்க'ன்னு வந்துச்சு. அப்பறம், 'கொஞ்சம் செரமமுங்க'ன்னு வந்துச்சு. பொழுதோட ஒரு வழியா 'முடியாதுங்க'ன்னே வந்துருச்சு. நாச்சியம்மாளுக்குப் பெருமை தாங்கல.

மறுநாளே ஊட்டு வாசல்ல கம்பெனிக் காரு வந்து நின்னுது. பர்ச்சேஸ் மேனேசரு பிந்து மேடம். பாலக்காட்டுப் பக்கம், சிரிச்ச மொகம். கையில பேப்பரு, பேப்பருல அப்புசாமி பொன்னாடையோட கட்டல்ல படுத்திருக்கற போட்டோ.

"வாழ்த்துக்கள் அப்புசாமி சார்! எங்க எம்.டி.க்கு அவ்வளவு சந்தோசம். எங்க கம்பெனி தொழிலாளர் நலத்துல ரொம்பக் கண்டிப்பு. தூக்கம் கெடற ஆளுங்களுக்கு நைட் வேல குடுக்க மாட்டோம். இப்ப அரசாங்கமே இந்த மண்டலத்துல யாருக்கும் தூக்கக் கொறை இல்லன்னு சொல்லியாச்சு. அதனால நம்ம எல்லா கிரைண்டிங் ஆர்டரையும் இனி கணபதிக்கே, நைட்டுல குடுக்கறதா முடிவு பண்ணியிருக்கோம். வருசம் பூரா வேல. மொதல் ஆர்டர் உங்களுக்குத்தான்."

அப்புசாமி எந்திரிச்சாரு. நாச்சியம்மா கதவோரத்துல நின்னு, வாயசைவுலயே எடுத்துக் குடுக்குது.

பிந்து மேடம் கை ரெண்டையும் கூப்புச்சு. "உங்களுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே சார்?"

"சிரமம் என்னுங்க மேடம்" அப்படீன்னுச்சு அப்புசாமி வாய். "செஞ்சுபோடலாமுங்க."

சொன்ன பொறகுதான் அவருக்கே காதுல உழுந்துது. திரும்பி நாச்சியம்மாளப் பாத்தாரு. முடியாதுன்னு சொல்றதுக்கு மிச்சமிருந்தது அந்தம்மா ஒருத்திதான். பிந்து மேடமும் அந்தப் பக்கமே திரும்புச்சு.

"அம்மா, உங்களுக்கும் சம்மதந்தானே?"

நாச்சியம்மா சாவிய இறுக்கிப் புடிச்சுது. ஊட்டுக்கு வந்த பொண்ணு. கைய வேற கூப்பிக்கிட்டு நிக்குது.

"நானென்னுங்க கண்ணு சொல்றது. மொதல்ல உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிங்க."

காப்பி குடிச்சுப்போட்டு மேடம் காரு ஏறுச்சு. "உங்க ஊர்க்காரங்க மாதிரி வராதுங்க. இந்தத் தெருவுல எத்தன பட்டறையில கேட்டேன், ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லல" அப்படீன்னு கையாட்டிட்டுப் போச்சு.

சாயங்காலம் லோடு எறங்குச்சு. அப்புசாமி ஷட்டரத் தூக்கி சுவிச்சப் போட்டாரு, கல்லு சுத்துச்சு. நாச்சியம்மா ஒரு ஸ்டூல இழுத்து அவருக்கு எதுத்தாப்புல போட்டு உக்காந்துக்கிச்சு.

"நீங்க கையப் பாத்துச் செய்ங்க. உங்க கண்ண நா பாத்துக்கறேன்."

அந்தம்மா கண்ண யாரு பாத்துக்கறதுன்னு ரெண்டு பேருமே கேட்டுக்கல. கேட்டா மரியாதையா இருக்காதுங்க.